அக்காவின் கம்பெனிக்குத் தம்பி கொடுத்த 3 லட்சம்

கம்பெனிச் சட்டப்படி தாய்மாமன் உறவினர் இல்லை. 2022 ஜூலையில், காங்கேயத்தில் எங்கள் ஆடிட்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் மாமா. மடியில் மஞ்சப்பை, பைக்குள் செக் புத்தகம். காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர், நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டியவர். அவரைப் பார்த்து ஆடிட்டர், "நீங்க இந்தக் கம்பெனிக்குக் கடன் குடுக்க முடியாதுங்க. சட்டத்துல நீங்க வெளியாளு" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த மேசைக்கு முன்னால் நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் எடைக்கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் டிசைன் பிரிவில் இருந்தேன். 2022 மார்ச்சில் வேலையை விட்டேன். கொப்பரையின் ஈரப்பதத்தைக் களத்தில் வைத்தே அளக்க ஒரு கைக்கருவி செய்ய வேண்டும் என்பது யோசனை. அடுத்த மாதமே, சித்திரையில் நல்ல நாள் பார்த்து, அப்பாவையும் என்னையும் இயக்குநர்களாகப் போட்டு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்துவிட்டேன். கருவி இல்லை. கருவியின் மாதிரி இல்லை. விற்பனை என்ற பேச்சே இல்லை. பிஎஃப் பணத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்ததில், மாதம் 18,000 செலவு என்று வைத்தால் இரண்டு ஆண்டுகள் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கருவி செய்ய முடியாது.

கையில் இருந்தது ஒரு நோட்டு மட்டும்தான். கோடு போட்ட 200 பக்க நோட்டு. எனக்கு வந்த பணம் எல்லாமே கடைசியில் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் காங்கேயம், வெள்ளகோவில் சாலையில் போனவர்கள் கொப்பரைக் களங்களைப் பார்த்திருப்பார்கள். ஏக்கர் கணக்கில் சிமெண்ட் தளம், அதில் வெள்ளை வெளேரென்று மல்லாத்திப் போட்ட தேங்காய் மூடிகள். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். உடைத்து, ஓட்டோடு இரண்டு மூன்று நாள் காயவைத்து, பருப்பைப் பெயர்த்து, மறுபடி காயப்போடுவார்கள். நல்ல வெயிலில் ஒரு வாரம் ஆகும். ஈரம் 6 சதவீதத்துக்கு வர வேண்டும். நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பு மூலம் அரசு கொள்முதல் செய்யும்போது, எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்கு வைத்திருக்கும் அளவும் அதுதான். அதைத் தாண்டினால் மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். மேகம் கூடிவிட்டால் சிலர் பூஞ்சைக்குப் பயந்து கந்தகப் புகை போடுகிறார்கள்.

அந்த 6 சதவீதத்தைக் களத்தில் எப்படி அளக்கிறார்கள்? கையால். வியாபாரி மூட்டையில் கைவிட்டு ஒரு மூடியை எடுத்து உடைப்பார். "டக்" என்று முறிந்தால் காய்ந்தது. வளைந்து முறிந்தால் ஈரம். விலை அந்தச் சத்தத்தில்தான் நிற்கிறது. பழகிய கைக்கு இது நன்றாகவே வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூடியின் விளிம்பு மெல்லிசு, அடிப்பகுதி தடிப்பு. விளிம்பு முதலில் காய்ந்துவிடும். அடியில் ஈரம் உட்கார்ந்திருக்கும். சத்தம் விளிம்பில் வருகிறது.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டியில் களத்துக்குப் போவேன். ஒரு மூடியை எடுத்து, வியாபாரியிடமோ களத்துக்காரரிடமோ கொடுத்து, "எத்தனை சதவீதம் இருக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பிறகு அதை ஜிப் பையில் போட்டு, தெரிந்த பேராசிரியர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய், சீவி, 10 கிராம் எடைபோட்டு, 105 டிகிரி ஓவனில் வைப்பேன். எடை குறைவது நிற்கும்வரை விட வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். ஒரு நாளைக்கு நாலு மூடிக்கு மேல் முடியாது. நோட்டில் ஒரு பக்கம் அவர்கள் சொன்னது, எதிர்ப்பக்கம் ஓவன் சொன்னது. பல வரிகள் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத வரிகளில்தான் என் கம்பெனி இருந்தது. ஒருநாள் "நல்லா காஞ்சிருச்சு" என்று மூட்டை தைக்கப் போன சரக்கில் எடுத்த மூடி, ஓவனில் 9.4 காட்டியது.

அதைப் பணமாக மாற்றிப் பார்த்தேன். 9 சதவீத ஈரத்தில் 10 டன் சரக்கு வாங்கும் ஆலைக்காரர், அதை 6 சதவீதத்துக்குக் காயவைத்தால் 319 கிலோ காணாமல் போகும். அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,590 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு லோடுக்குக் கிட்டத்தட்ட 34,000 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்தது. மறுபக்கமும் நஷ்டம் உண்டு. "எதுக்கு வம்பு" என்று 4 சதவீதம் வரை காயவிட்டு விற்கும் களத்துக்காரர், அதே 10 டன்னில் 200 கிலோவுக்கு மேல் தன் எடையை வெயிலுக்குக் கொடுக்கிறார். அவருக்கு 22,000 ரூபாய் போகிறது. இந்த இரண்டாவது கணக்கைச் சொன்னபோதுதான் களத்துக்காரர்கள் என்னைத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். முதல் கணக்கோடு மட்டும் போயிருந்தால், ஆலைக்காரர்களுக்கு வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரைபடம் இருந்தது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி, அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்தால் மின்தேக்கத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண், ஏறக்குறைய 80. தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 3. அதனால் இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே கொப்பரைத் துண்டை வைத்து மின்தேக்குத் திறனை அளந்தால், ஈரம் கூடக்கூட அது ஏற வேண்டும். அதே ஆய்வகத்தில் இருந்த மீட்டரில் தகடுகளை க்ளிப் போட்டு மாட்டி 20 துண்டுகளை அளந்தேன். புள்ளிகள் ஒரு வரிசையில் ஏறின. அங்கங்கே சிதறல் உண்டு, ஆனாலும் ஏறின. இதைக் கருவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூடி வளைந்திருக்கும், தட்டைத் தகடு அதில் ஒட்டாது, நடுவில் காற்று புகும். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பணம் வேண்டியிருந்தது.

அடுத்தது கடிதங்கள். "இந்தக் கருவி ஓவன் அளவிலிருந்து 1 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டினால், 14,000 ரூபாய்க்குள் கொடுத்தால், நான் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்" என்று அரைப்பக்கம் டைப் செய்து, களம் களமாகப் போய்க் கையெழுத்துக் கேட்டேன். பதினொரு பேர் போட்டுக் கொடுத்தார்கள். மறுத்தவர்கள் அதைவிட அதிகம். வெள்ளகோவில் பக்கம் ஒரு களத்துக்கார அக்கா, பருப்புப் பெயர்த்துக்கொண்டிருந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். துடைத்தும் போகவில்லை. பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை, காகிதத்தின் அந்தப்பக்கம் தெரிகிற மாதிரி. "இந்தா கண்ணு, அட்வான்ஸும் வெச்சுக்கோ" என்று 1,000 ரூபாய் நீட்டினார். வாங்கத்தான் ஆசை. ஆனால் சரக்குக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சரக்குக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும், எங்களைப் போன்ற கம்பெனி வெளியாரிடம் டெபாசிட் வாங்கக் கூடாது என்று ஆடிட்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஒரு வருடத்துக்குள் முடியும் என்று எனக்கு அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. கையெழுத்து போதுமக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன்.

அம்மா எதற்கோ போனில் பேசும்போது சொல்லியிருக்கிறார். மறுநாளே மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். "அம்மிணி, 5 லட்சம் தர்றேன். மெல்லத் திருப்பிக் குடு" என்றார். அதற்காகத்தான் ஆடிட்டரிடம் போனோம். அவர் விளக்கியது இது. பிரைவேட் கம்பெனி நினைத்தவரிடமெல்லாம் கடன் வாங்க முடியாது. இயக்குநரிடம் வாங்கலாம், இயக்குநரின் உறவினரிடம் வாங்கலாம். உறவினர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், மகன், மகள், மருமகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, ஒரே இந்துக் கூட்டுக் குடும்பத்து உறுப்பினர்கள். அதோடு சரி. தாய்மாமன் அதில் வரவில்லை. அப்பாவுக்கு மச்சினனும் வரவில்லை. வருமானவரிச் சட்டத்தில் மட்டும் தாய்மாமன் உறவினர்தான், அவர் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் எனக்கு வரி கிடையாது. ஆனால் மாமா திருப்பி வாங்கும் கடனாகத்தான் கொடுக்க வந்திருந்தார். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவரிடம் 5 லட்சத்தைத் தானமாக வாங்க எனக்கும் மனம் இல்லை.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மாவை ஏன் இயக்குநராப் போடக் கூடாது?"

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அம்மா இயக்குநரானால் மாமா இயக்குநரின் தம்பி. தம்பி பட்டியலில் இருக்கிறார். மாமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்பச் சரி. அக்கா கம்பெனிக்குத் தம்பி குடுக்கறேன்" என்று பையைத் திரும்பவும் மடியில் விரித்தார். ஆகஸ்டில் அம்மா எங்கள் கம்பெனியின் மூன்றாவது இயக்குநரானார். டிஜிட்டல் கையெழுத்துக்கு வீடியோவில் முகம் காட்டி ஆறு எண்களைச் சொல்ல வேண்டும். பட்டுப்புடவை கட்டி வந்து உட்கார்ந்து சொன்னார்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. பணம் கொடுக்கிறவர், "இது நான் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை நான் படித்துக் காட்டியபோது மாமா தலையைக் குனிந்துகொண்டார். 5 லட்சத்தில் 2 லட்சம் அத்தையின் நகையைச் சொசைட்டியில் வைத்து எடுக்க இருந்தது என்று அப்போதுதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நகை வேண்டாம், தேங்காய் விற்ற பணம் 3 லட்சம் போதும் என்றேன். அந்த ஒரு வரியை எழுதிவைத்த சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அது இல்லாவிட்டால் அத்தையின் நகை என் சோதனைச் செலவுக்குப் போயிருக்கும், எனக்குத் தெரியாமலே.

குடும்பத்துப் பணத்தை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம், ஆனால் அதற்கு ஒரு எல்லை கட்டிக்கொள்ளுங்கள். நான் போட்ட எல்லை இதுதான்: அந்த 3 லட்சமும் முழுதாகப் போனாலும் மாமா வீட்டில் ஒரு கல்யாணமோ ஒரு படிப்போ நிற்கக் கூடாது.

இதற்கு நடுவே முதலீட்டாளர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேரைப் பார்த்திருப்பேன். பெரும்பாலும் ஒரே பதில்: "செஞ்சு கொண்டுவாங்க, அப்புறம் பேசலாம்." அதில் தப்பு இல்லை, அவர்கள் பணம். சென்னையில் ஒருவர் மட்டும் உடனே சரி என்றார். 20 லட்சம் தருகிறேன், 35 சதவீதப் பங்கு வேண்டும் என்றார். கம்பெனியின் மதிப்பு 57 லட்சம் என்று ஆகிறது. கருவியே இல்லாத கம்பெனிக்கு அது குறைந்த மதிப்பு என்று சொல்ல மாட்டேன். என்னைத் தடுத்தது அடுத்த கணக்கு. இப்போது 35 போனால், அடுத்த சுற்றில் இன்னொருவருக்கு 20 கொடுத்தால், எங்களிடம் 52 மிஞ்சும். அதற்கடுத்த சுற்றில் கம்பெனி எங்கள் கையை விட்டுப் போகும். ஒரு கருவியைச் செய்து முடித்துச் சந்தைக்குக் கொண்டுவர மூன்று சுற்றாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, வேண்டாம் என்று மெயில் போட்டேன்.

இன்னொருவர், "கல்யாணம் ஆனா கம்பெனியை யார் பாப்பாங்க?" என்று கேட்டார். நான்தான் பார்ப்பேன் என்று பதில் சொன்னேன். அந்தக் கேள்வியை எனக்கு முன்னால் வந்த பையனிடம் கேட்டிருக்க மாட்டார். திரும்பி வரும்போது திருப்பூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பணம் வந்த வழி வேறு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் நிதி பிரயாஸ் என்ற திட்டம். கைக்கு எடுக்கும்படியான ஒரு பொருளின் முதல் மாதிரியைச் செய்யத்தான் அந்த மானியம். 10 லட்சம் வரை, 18 மாதம். வெறும் மென்பொருளுக்குக் கிடையாது. பங்கு கேட்க மாட்டார்கள். கம்பெனி இல்லாத தனிநபரும் விண்ணப்பிக்கலாம். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்க ஊர் ஊராக இருக்கும் இன்குபேட்டர் மையங்கள் வழியாகத்தான் நடக்கிறது. மாதிரி இல்லை என்று சொன்னவுடன் எல்லோரும் கதவைச் சாத்தியபோது, "மாதிரி இல்லையா, வாங்க" என்று கூப்பிட்ட ஒரே கதவு இதுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது என்பதுதான் என் வருத்தம். கருவி செய்யும் யோசனை இருக்கிறவர்கள் முதலீட்டாளரிடம் போகுமுன் இங்கே போங்கள்.

2023 ஜனவரியில் கோவையில் தேர்வுக்குழு. ஐந்து பேர், பத்து நிமிடம். ஸ்லைடு ஆறுதான் வைத்திருந்தேன். முதல் ஸ்லைடைப் போடாமல், ஜிப் பையில் கொண்டுபோயிருந்த இரண்டு பாதிக் கொப்பரைகளை மேசையில் வைத்தேன். ஒவ்வொரு மூடியையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முந்தின நாள் ஓவனில் பார்த்து வைத்திருந்தேன். ஒன்று 6, மற்றது 10. "எது காய்ந்தது என்று கையில் எடுத்துச் சொல்லுங்கள் சார்" என்றேன். ஐந்து பேரும் வாங்கி, அழுத்தி, முகர்ந்து, ஒருவர் நகத்தால் கீறியும் பார்த்தார். மூன்று பேர் மாற்றிச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் நோட்டைத் திறந்தேன். கடிதங்களைப் புரட்டியவர் எண்ணெய்க் கறை பட்ட கடிதத்தில் நின்று, "இவங்க களம் எங்க இருக்கு?" என்று கேட்டார். வழி சொன்னேன். ஊர் பெயர், களத்தின் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை காய் உடைக்கிறார்கள், எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் என்னிடம் இருந்தது, ஏனென்றால் அந்தத் திண்ணையில் நான் பல காலை உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கேள்விக்குத்தான் தடுமாறினேன். "தானியத்துக்கு இத்தனை ஈரப்பத மீட்டர் இருக்கும்போது கொப்பரைக்கு ஏன் சரியா வரல?" எண்ணெய், வளைவு, தடிப்பு வித்தியாசம் என்று மூன்று காரணம் சொன்னேன். "மூணையும் ஒரே கருவியில தீர்ப்பீங்களா?" என்றார். தெரியவில்லை, வளைவை முதலில் தீர்க்கப் பார்க்கிறேன், முடியாவிட்டால் சீவிய துண்டை அளக்கும் கருவியாக மாற்றிக்கொள்வேன் என்றேன். தெரியவில்லை என்று சொன்னது தப்பாகிவிட்டதோ என்று வீடு வரும்வரை மனம் அடித்துக்கொண்டது. பிறகு அவரே ஒருநாள் சொன்னார், தீர்க்க முடியாவிட்டால் என்ன செய்வாய் என்பதற்குப் பதில் வைத்திருந்ததால்தான் மதிப்பெண் போட்டதாக.

7.5 லட்சம் அனுமதித்தார்கள். முதல் தவணை மே மாதம் வந்தது. பில் இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது, என் சம்பளத்துக்கும் அதில் இடம் இல்லை. சம்பளத்துக்கு என்று அதே துறையில் இஐஆர் என்ற உதவித்தொகை தனியாக இருக்கிறது, மாதம் 30,000 வரை. எனக்கு அது கிடைக்கவில்லை. பிஎஃப் பணம்தான். வளைந்த மூடிக்கு ஏற்றபடி மடங்கும் தகட்டுக்கு நாலு வடிவம் செய்து பார்த்தோம். மூன்று வீண். நாலாவது, மின்சாரம் கடத்தும் ரப்பரில் செய்தது, ஒட்டியது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சித்திரையில் நல்ல நாள் பார்த்துக் கம்பெனி பதிவு செய்தேன் அல்லவா, அது அவசரம். 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தில் கருத்தை நிரூபிக்க, மாதிரி செய்ய, சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியம் கொடுத்தார்கள். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. என் கம்பெனிக்கு 2024 ஏப்ரலில் இரண்டு வயது. பிரயாஸ் வேலை முடிந்து கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மாதிரி வந்ததே ஜனவரியில்தான். பிப்ரவரி கடைசியில் மூச்சு வாங்க ஓடி விண்ணப்பம் போட்டேன். களத்தில் நோட்டு எழுதிய மூன்று மாதத்துக்குக் கம்பெனியே தேவைப்படவில்லை. மாமாவின் கடன் வரும் நேரத்தில் பதிவு செய்திருந்தால் போதும், நாலு மாதம் கையில் இருந்திருக்கும்.

அதே திட்டத்தில் இன்னொரு நிபந்தனை: வேறு மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. எனக்கு 7.5 தான் என்பதால் தப்பித்தேன். புதுத் தொழில்களுக்கு நம் மாநிலம் கொடுக்கும் டான்சீட் நிதிக்கு முதலில் போயிருந்தால், 10 லட்சமாவது அங்கேயே வந்திருக்கும், இரண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டி இந்தக் கதவு மூடியிருக்கும். எதை முன்னால் வாங்குவது, எதைப் பின்னால் வாங்குவது என்ற வரிசை இதில் முக்கியம். விதிகள் மாறிக்கொண்டிருப்பவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் திட்டத்தின் இணையதளத்தில் படித்துவிட்டுப் போடுங்கள்.

2024 செப்டம்பரில் 12 லட்சம் அனுமதியானது, தவணை தவணையாக. அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் முதல் தனியார் பணமும் வந்தது. கோவையில் வார்ப்பாலை நடத்தும் ஒரு பெரியவர், 5 லட்சம் தந்தார். கன்வர்டிபிள் நோட், அதாவது பின்னால் பங்காக மாறக்கூடிய கடன்பத்திரம், போடலாமா என்று கேட்டேன். ஒருவரிடமிருந்து ஒரே தடவையில் 25 லட்சமாவது வந்தால்தான் அது செல்லும் என்பதால், மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்காக எழுதினோம். ஐசேஃப் என்று ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். இன்றைக்குக் கம்பெனிக்கு என்ன விலை என்று யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த சுற்றில் ஒருவர் வந்து விலை போடும்போது, பங்கு 100 ரூபாய் என்றால் பெரியவருக்கு 80 ரூபாய்க்குக் கிடைக்கும். கருவி சந்தைக்கு வராத நேரத்தில் நம்பியதற்கு அந்த 20 ரூபாய். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. பணம் வந்த 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கிவிட வேண்டும், அதுவரை தனி வங்கிக் கணக்கில் தொடாமல் வைக்க வேண்டும். பங்கின் நியாய மதிப்புக்கு மேல் வந்த முதலீட்டை வருமானமாகப் பார்த்து, 2012 முதல் பலரைப் பாடாய்ப் படுத்திய ஏஞ்சல் வரியை அந்த ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் நீக்கியிருந்ததால், மதிப்புச் சான்றிதழைக் காட்டி வரி அதிகாரியிடம் வாதாடும் பயமும் இல்லாமல் போனது.

பெரியவரிடம் நான் காட்டியது என்ன என்று கேட்டால், மாதிரிக் கருவியைக் காட்டினேன், ஆனால் அவர் அதிக நேரம் பார்த்தது நோட்டைத்தான். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறி, பக்கங்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. 2022 மார்ச் முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

போன மாதம் மாமாவுக்கு முதல் தவணையாக 50,000 திருப்பிக் கொடுத்தேன். செக்கை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மெஷினக் கொண்டாந்தயா அம்மிணி?" என்றார். கொண்டுபோயிருந்தேன். தோட்டத்துக் களத்தில் அன்றைக்கு மூட்டை கட்ட வைத்திருந்த பருப்பில் ஐந்து மூடி எடுத்தார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து முறித்து ஒரு எண் சொல்வார். பிறகு நான் அந்தத் துண்டைக் கருவியின் ரப்பர் வாயில் வைப்பேன். அத்தை எழுதிக்கொண்டே வந்தார். மூன்றில் மாமாவும் கருவியும் ஒன்றாகச் சொன்னார்கள். மற்ற இரண்டும் மூட்டையின் நடுவிலிருந்து எடுத்தவை. மாமா 6 என்றார். கருவி 8.2, 8.7 என்றது. அவர் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்து விளிம்பையும் அடியையும் மாறி மாறி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தைக்க வைத்திருந்த சணல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையை மறுபடி களத்தில் கொட்டினார்.